நிக்கலஸ் வெடி கொளுத்தின அண்டைக்கு

ஹலோ... ஹலோ... ஓம், வெள்ளவத்தைதான். நாகேஸ்தான் கதைக்கிறன்... ஆ, மச்சாளோ! அப்பாடா, கொட்டாஞ்சேனையில ஒரு மாதிரி விடிஞ்சிட்டுது. நான் எழும்பின நேரம் துவக்கம் ஃபோனுக்குப் பக்கத்திலயே குந்திக்கொண்டிருக்கிறன்... இல்லை, இல்லை, வதனி குளிக்கிறாள். இந்த ஃப்ளாட்டில தண்ணி வாற வடிவுக்கு இப்போதைக்கு வெளியில வரமாட்டாள். பயப்பிடாமல் சொல்லுங்கோ. மாப்பிள்ளை பகுதி என்னவாம்?

...என்ன, ஷோ எப்பிடியோ? மச்சாள், நான் மாப்பிள்ளையைக் கேக்க நீங்கள் நிக்கலஸைக் கேக்கிறியள்... ஓம்... ஓம், ஓம், கால் நோவெண்டு நீங்கள் வரேல்லைத்தான்... சரி, சொல்லுறன். முதல் நான் சொல்லுறன், பிறகு நீங்கள் சொல்லோணும். ஏமாத்தக் கூடாது.

றொக் ஷோ எண்டுதானே நோட்டீஸ் அடிச்சவை? போய்ப் பாத்தால் மேடையில குத்துவிளக்கு. இராசரத்தினம் மாஸ்டர் தலைமையுரை. றொக் எண்டால் என்னெண்டு சங்ககாலத்தில இருந்து துவங்கினார். நிக்கலஸ் திரைக்குப் பின்னால நிண்டு கிற்றாரைச் சுதி கூட்டுறான், கூட்டுறான், மாஸ்டர் இன்னும் சோழர் காலத்துக்கே வரேல்லை... ம்... பிறகு ஒரு மாதிரி ஆள் வந்தான். முதல் வயிறு வந்தது, பிறகு கிற்றார் வந்தது, அதுக்குப் பிறகுதான் நிக்கலஸ் வந்தான். தோல் களிசான் மச்சாள்! இந்தக் கொழும்பு வெக்கையில தோல் களிசான். எண்பத்து மூண்டில அவுஸ்திரேலியாவுக்குப் போனது, ஊர் வெக்கை மறந்து போச்சாக்கும்.

சனமோ? ஐயோ, சனத்தைக் கேக்காதேங்கோ. எல்லாரும் பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவும். எழுபதுகளில தோள்வரைக்கும் தலைமயிர் வளத்துக்கொண்டு திரிஞ்ச ஐயாமார் இப்ப மொட்டைத் தலையை ஆட்டு ஆட்டெண்டு ஆட்டினம். பறக்கிறதுக்கு மயிரில்லை, கழுத்து நோதான் மிச்சம்... கீழ் வீட்டு ஐறீனோ? அவ பிளாஸ்க்கில தேத்தண்ணியும் கிறீம் கிறாக்கரும் கொண்டு வந்தவ. வாசலில ஆமிக்காரன் மூடியைத் திறந்து மணந்து பாத்தான். பாத்திட்டு, உள்ளுக்கு என்ன கூட்டமெண்டு சிங்களத்தில கேட்டான். பாட்டுக் கச்சேரி எண்டன். இத்தினை தமிழ்ச்சனம் ஒரு இடத்தில கூடினது பாட்டுக் கேக்கவோ எண்டு அவன் நம்பவேயில்லை.

இன்னொண்டு கேளுங்கோ. "கொழும்பு! ரெண்டு கையையும் மேல தூக்குங்கோ!" எண்டு நிக்கலஸ் கத்தினான். மெல்பேர்ணில கத்துற மாதிரிக் கத்தினான். சனம் தூக்கிச்சு மச்சாள். ஒருத்தர் பாக்கியில்லாமல் தூக்கிச்சு. அரைவாசிப் பேர் அடையாள அட்டையைக் கையில பிடிச்சுக்கொண்டு தூக்கினவை. எனக்குப் பக்கத்தில ஒருத்தர் பொலிஸ் பதிவுத் துண்டையும் சேத்துப் பிடிச்சவர்... சிரியாதேங்கோ, நானும்தான் தூக்கினனான். பழகிப்போச்சு.

...குரலோ? குரல் போட்டுது. மேல போற இடம் வந்தால் மைக்கை எங்கட பக்கம் நீட்டிப்போடுவான். டிக்கட்டும் எடுத்து, பாட்டும் நாங்களே பாடிட்டு வந்தனாங்கள். நடுவில பாட்டை நிப்பாட்டி பொன்னாடை வேற. வேர்த்து ஊத்துற மனிசனுக்குப் பொன்னாடை!... ஆனால் மச்சாள், "காலி வீதிக் கமலினி" துவங்கினவுடன... சும்மா சொல்லக்கூடாது. அந்த முதல் நாலு தட்டுக் கேட்டவுடன ஐறீன் விக்கி விக்கி அழத் துவங்கிட்டா. எனக்கும் ஒரு மாதிரிப் போச்சு. உங்கட தம்பி என்னைக் கலியாணம் முடிச்ச புதுசில கூட்டிக்கொண்டு போன ஷோ, அதே பாட்டு. பேந்து யாழ்ப்பாணத்தில கரண்டில்லாத காலத்தில, சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்திச் சுத்திக் கசெட் கேட்ட மனிசன். வதனிதான் பெடலைச் சுத்திறவள். சரி, அதை விடுங்கோ.

இப்ப நீங்கள் சொல்லுங்கோ... ம்... ம்... யோசிக்கினமாமோ? யோசிக்கிறதெண்டால் என்னத்தை?... மச்சாள், எனக்கு வெள்ளையடியாதேங்கோ. பிள்ளையைப் பிடிக்கேல்லையோ?... பிடிச்சிருக்கு, ஆனால்... ஆனால் என்ன?

விசிலோ? ஆர் சொன்னது, மாப்பிள்ளையின்ர தாயோ? பத்மாவதியக்கா எங்களுக்கு முன்வரிசையிலயெல்லோ இருந்தவ, அவவுக்கு முதுகிலயும் கண்ணோ?... இல்லை, வதனி அடிக்கேல்லை... ஐறீனுமில்லை. ஐறீனுக்கு முன்பல்லுக் கட்டினது, விசிலடிச்சால் பல்லுப் போய் நிக்கலஸின்ர தலையில விழும்... எனக்கெப்பிடித் தெரியுமோ? அடிச்சதே நான்!... ஓம், நான்தான். ரெண்டு விரலை வைச்சு, ரெண்டு தரம்... அம்பது வயசிலதான். உங்கட தம்பி பழக்கினது, போய் அவரைக் கேளுங்கோ... சரி, சரி, கோவிக்காதேங்கோ.

மச்சாள், பகிடியை விடுவம். எனக்கு இந்தச் சம்மந்தம் சரிவரோணும். இரவில படியில பூட்ஸ் சத்தம் கேட்டால் அவளுக்கு முதல் நான் எழும்பிக் கதவடியில நிக்கிறன். லொட்ஜில தங்கியிருந்த எங்கட பெட்டையளை ஆமி ட்ரக்கில ஏத்தினதைக் கண்ட நாளில இருந்து எனக்கு நித்திரை இல்லை. அவள் கனடாவுக்குப் போய்ச் சேந்தால் நான் இஞ்சை எப்பிடியும் கிடப்பன். அதுக்காகத்தானே, கோயிலில வைச்சுப் பொம்பிளை பாத்தால் அவள் விளங்கிக்கொண்டு வரமாட்டாள், ஷோவில வைச்சுப் பாப்பமெண்டு நீங்கள் சொல்ல நான் ஓமெண்டனான். இப்பவரைக்கும் அவளுக்குத் தெரியாது, முன்னுக்கு இருந்தது மாப்பிள்ளையெண்டு.

...இன்னும் கிடக்கோ? ம்... இழுத்து விழுத்தினதோ? ஓம், விழுத்தினவள்தான். நான் மறைக்கேல்லை. மறைக்கவும் ஏலாது, ஆள் விழுந்த சத்தம் பம்பலப்பிட்டி வரைக்கும் கேட்டிருக்கும்... இல்லை, நீங்கள் அவை சொன்னதைக் கேட்டிட்டுச் சொல்லுறியள். நடந்ததை நான் சொல்லுறன், பொறுங்கோ.

கடைசிப் பாட்டுக்கு முதல் அந்த அறுவான் மேடையில வெடி கொளுத்தினான். வாணவெடி மச்சாள்! அங்கையெல்லாம் அதுதான் ஸ்டைலாம். ஆரிட்டை அனுமதி கேட்டானோ, ஆர் குடுத்தினமோ. இந்த ஊரில, இந்தக் காலத்தில, தமிழ்ச்சனம் நிறைஞ்ச மண்டபத்துக்குள்ள வெடி! டமாரெண்டுதோ இல்லையோ, முழு மண்டபமும் நிலத்தில. ஒருத்தரும் கத்தேல்லை, ஒருத்தரும் ஓடேல்லை. தாய்மார் பிள்ளையளுக்கு மேல, ஐயாமார் கதிரைக்குக் கீழ. வாயைக் கொஞ்சம் திறந்து, காதைப் பொத்தி, வடிவாய்ப் படுத்தம். ஐறீனின்ர பிளாஸ்க் உருண்டு போற சத்தம் மட்டும் கேக்குது. நிக்கலஸ் மேடையில நிண்டு முழுசுறான், இவ்வளவு நேரமும் இருந்த ரசிகர் எல்லாம் எங்கை போட்டினமெண்டு.

அந்த நேரம் முழு மண்டபத்திலயும் ஒரே ஒரு ஆள் நிண்டுகொண்டு கை தட்டுறார். ஆர்? உங்கட கனடா மாப்பிள்ளை! "வாவ்" எண்டும் சொன்னவர். காதைப் பொத்த முதல் கடைசியா எனக்குக் கேட்டது அதுதான். அங்கை ஷோவுக்கு ஷோ கொளுத்துவினமாக்கும், அவருக்கு அது பண்டிகை. பத்மாவதியக்கா கீழ படுத்துக்கொண்டு மகனுக்குக் கையைக் காட்டுறா, அவர் மேடையைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறார். எங்கட பிள்ளை பின்வரிசையில கிடந்தவள், கதிரைக்குக் கீழால கையை விட்டு, களிசான் காலைப் பிடிச்சு ஒரே இழுவை. ஆள் தொபுக்கெண்டு தாய்க்கு மேல... கண்ணாடி உடைஞ்சதோ? பாவம்தான்... களிசானும் கிழிஞ்சதோ? தைச்சுக் குடுக்கிறன் எண்டு சொல்லுங்கோ, என்னட்டை மெசின் இருக்கு... மச்சாள், அவள் குண்டெண்டு நினைச்சு ஒரு மனிசனைக் காப்பாத்தினவள்! அதுக்குப் பத்மாவதியக்கா ஒரு பொன்னாடை போத்தோணும், குறை சொல்லக்கூடாது.

...பிறகென்ன? எழும்பினம், சேலையைத் தட்டினம், ஆளை ஆள் பாத்துச் சிரிச்சம், "இன்னொருக்கா, இன்னொருக்கா" எண்டு கத்தினம். பாட்டைத்தான்.

...அதில்லையோ? இழுத்ததில்லையோ குறை? பேந்தென்ன?... மரியாதையில்லாமல் என்னவோ சொல்லிக் கத்தினவளோ? வதனியோ? அவள் பூனைக்கும் "வாங்கோ" எண்டு சொல்லுற பிள்ளை... என்ன? அப்பாவெண்டோ? மாப்பிள்ளையைப் பாத்து அப்பாவெண்டு கூப்பிட்டவளோ!... ஐயோ கடவுளே, பொறுங்கோ, சிரிச்சு முடிக்கிறன்... இதுதான் பத்மாவதியக்காவின்ர கோவமோ? முப்பத்திநாலு வயசுப் பெடியனை அப்பாவெண்டதோ? மச்சாள், அந்த மண்டையில மிஞ்சிக் கிடக்கிற மயிரைப் பாத்தால் ஆரும் மரியாதைக்கு அப்பாவெண்டுதான் சொல்லுவினம். தாத்தாவெண்டு சொல்லாமல் விட்டாளே, அதுக்குச் சந்தோசப்படச் சொல்லுங்கோ...

ம்... ம்... மாப்பிள்ளைத் தம்பியே சொன்னவரோ? தாயில்லை, அவரே?... கோவத்தில இல்லை, விளங்காமல் கேட்டவரோ... என்னெண்டு கத்தினவளாம்? வடிவாச் சொல்லுங்கோ.

...

இல்லை. பொறுங்கோ, அவள் இன்னும் குளிக்கிறாளோ எண்டு பாத்திட்டு வாறன்.

...

திருப்பி ஒருக்காச் சொல்லுங்கோ... "அப்பா, படுங்கோ. பாக்காதேங்கோ, படுங்கோ."

பாக்காதேங்கோ எண்டும் சொன்னவளோ.

...இல்லை மச்சாள், எனக்குக் கேக்கேல்லை. பக்கத்திலதான் கிடந்தனான். காதைப் பொத்திக்கொண்டு கிடந்தனான்.

இல்லை, கோவமில்லை... உங்களில எனக்கென்ன கோவம்? உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கொழும்பில, நாங்கள் அங்கை, பாதையும் பூட்டு. செத்தவீட்டுக்கும் உங்களால வரேலாமப் போச்சு. பொம்மர் பிளேன் குண்டு போட்டு ஆள் முடிஞ்சுதெண்டுதானே அறிவிச்சனான். வேறை என்னத்தை அறிவிக்கிறது... கேளுங்கோ. நானும் பிள்ளையும் பங்கருக்குள்ள. இவர் உள்ளுக்கு வரேல்லை. வாசலில நிண்டு அண்ணாந்து பாத்துக்கொண்டு, இப்ப சுத்துது, இப்ப பதியுது எண்டு எங்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிண்டவர். உங்கட தம்பியைத் தெரியும்தானே, எதையும் நிண்டு பாத்தே ஆகோணும். வதனி உள்ளுக்க இருந்து கையை நீட்டி, சாரத்தைப் பிடிச்சு இழுத்தவள். அப்பா, படுங்கோ, பாக்காதேங்கோ எண்டு. இழுத்தவள் மச்சாள். பதினாலு வயசுப் பிள்ளை. அவளின்ர பலம் போதாமப் போச்சு.

...

அதுக்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு சொல் கதைச்சதில்லை. அழவுமில்லை. பாடம் படிச்சாள், சோதினை எடுத்தாள், கொழும்புக்கு வந்தாள். மறந்திட்டாளெண்டு நான் நினைச்சன். பாருங்கோ, தாயெண்டு இருக்கிறன், பக்கத்தில கிடந்தும் எனக்குக் கேக்கேல்லை, கனடாவில இருந்து வந்த ஒரு பெடியனுக்குக் கேட்டிருக்கு.

அவள் மாப்பிள்ளையைக் கூப்பிடேல்லை மச்சாள்.

...அழாதேங்கோ. உங்களுக்குப் பிறசர்... அழாதேங்கோ எண்டிறன். நீங்கள் அழுதால் நானும் துவங்கிடுவன், பேந்து ஆர் சமைக்கிறது... என்ன? இல்லை. சொல்லாதேங்கோ! வேண்டாம், பத்மாவதியக்காவிட்டையும் வேண்டாம், அந்தத் தம்பியிட்டையும் வேண்டாம்... நல்ல பெடியன்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் இதைக் கேட்டிட்டு அவை ஓமெண்டால், அது என்ர பிள்ளைக்குச் சொன்ன ஓமில்லை. இரக்கப்பட்டு ஒருத்தரும் அவளைக் கட்டவேண்டாம்... குழம்பினால் குழம்பட்டும். ஏன் குழம்பினதெண்டு ஆரும் கேட்டால் விசிலடிக்கிற மாமி எண்டு சொல்லுங்கோ. அந்தப் பேர் எனக்குக் காணும்.

...ஓம்... ஓம், தெரியும். உங்கட தம்பிதானே. ஓம்...

ச்சூ, பொறுங்கோ, தண்ணி நிண்டிட்டுது. அவள் வாறாள்... மாமி பிள்ளை, கொட்டாஞ்சேனை மாமி. ஷோ எப்பிடி எண்டு கேக்க எடுத்தவ... நான் சிரிச்சுச் சிரிச்சுக் கண் சிவந்து போச்சு, நிக்கலஸின்ர களிசான் கதைதான்... மச்சாள், அவள் உங்களோட கதைக்கோணுமாம். மூக்கைச் சீறிட்டுக் கதையுங்கோ. நிக்கலஸைப் பற்றி மட்டும் கேளுங்கோ, என்ன? வேற ஒண்டும் கேக்காதேங்கோ... இந்தா பிள்ளை, பிடி.

...என்ன, சத்தமில்லையோ? கொண்டா பாப்பம். ஹலோ... மச்சாள்... ஹலோ...

கட்டாப் போச்சு பிள்ளை... சீச்சீ, அவ ஏன் வைக்கிறா, லைன்தான் பிழை. இந்த நாட்டில எது ஒழுங்கா வேலை செய்யுது? இஞ்சை வா, தலையைத் துவட்டிவிடுறன்.