கூழாங்கற்களுக்குள் ஒரு மோதிரம்

சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கும்போது என் மனைவி கமலேஸ்வரிக்கு நான் கூப்பிடுவது கேட்காது. இது எனக்கு விளங்கவேயில்லை, ஐயா. ஹற்றனுக்கு அப்பால் தோட்டப் பாடசாலையில் ஒன்பது வருடமாக நான் விஞ்ஞானம் படிப்பித்தேன், அவள் சங்கீதம். அரைச் சுருதி பிசகினாலும் பிடித்துவிடுகிற காது.

ஆகவே சோதித்துப் பார்த்தேன். சும்மா இருந்தபோது மெல்லக் கூப்பிட்டேன், திரும்பினாள். கல் பொறுக்கும்போது பின்னால் நின்று கரண்டியால் பாத்திரத்தில் தட்டினேன், அசையவில்லை. கடைசிக் கல்லை எடுத்ததும், "என்னப்பா, கூப்பிட்டனீங்களோ?" என்றாள்.

லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் விழுகிற பீலியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே தண்ணீர், இரண்டு வாளி. ஒன்று நிரம்பும்வரை மற்றது வெறுமையாகக் காத்திருக்கும். கவனமும் அப்படித்தான். கண் சின்னஞ்சிறிய ஒன்றைத் தேடினால், காதின் வாளிக்கு ஒரு சொட்டும் வராது. அழகான ஏற்பாடு.

தை மாதம் அவளுக்கு யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் வந்தது. தனியாகத்தான் போவேன், திரும்பி வரமாட்டேன் என்றாள். நான் மறுபடி மறுபடி கேட்டேன்.

"எத்தினை தரம் சொல்லுறது? உங்களுக்கெல்லோ காது கேக்கேல்ல" என்று சிரித்தாள்.

அந்தச் சனிக்கிழமை காலை, அன்று மத்தியானம் மேலே அணைக்கதவு திறப்பார்கள், ஆற்றில் இறங்க வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் நெருங்கும்போது, கடைசியாக ஒருமுறை ஆற்றங்கரைக்கு நடந்துவிட்டு வருவோம் என்றேன். வந்தாள். முகம் கழுவுவதற்காகத் தன் அம்மாவின் மோதிரத்தைக் கழற்றிப் பாறையில் வைத்தாள். நிமிர்ந்தபோது அது அங்கே இல்லை. தண்ணீருக்குள் விழுந்திருக்கும் என்றேன். முழங்காலளவு நீரில் குனிந்து, கல் கல்லாகப் புரட்டத் தொடங்கினாள்.

தூரத்தில் சைரன் ஊதியது. நான் கரையேறினேன். எதிர் மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த நிலக்ஷி, "டீச்சர், மேல ஏறுங்க, தண்ணி வருது" என்று கத்தியது எனக்குத் தெளிவாகவே கேட்டது. நானும் கூப்பிட்டேன். வீட்டில் கூப்பிடுகிற அதே குரலில், மூன்று தரம். நிலக்ஷி அதை உங்களிடம் சொல்லியிருக்கமாட்டாள். ஆனால் நான் கூப்பிட்டேன் என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரேயொரு சிக்கல்தான் மிச்சமிருந்தது. தேடுவது கிடைத்த கணமே காது திறந்துவிடும். ஆகவே அது கிடைக்கக் கூடாது.

மோதிரம் என் சட்டைப் பையில் இருந்தது.