காலியாக இருந்த முன்வரிசை

கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலில் நல்ல கூட்டம். முகத்தில் புலி வரைந்த ஒரு சிறுமிக்குப் பக்கத்து இருக்கை மட்டும் காலி. ஏனோ யாரும் உட்காரவில்லை. நானும் நின்றுகொண்டேதான் வந்தேன்.

சிறுமியின் அம்மா பேச்சில் இன்னும் மதுரை இருந்தது. கூட வந்த பெண்ணிடம் சொன்னாள்: "பிரிக்பீல்ட்ஸ் குழந்தைகள் நாடக விழாவுக்குப் போனோம்க்கா. கடைசியா சீன நாடகம். அவ்ளோ கூட்டத்துலயும் முன்வரிசை முழுக்கக் காலி. இவளை அங்க உக்கார வச்சுட்டேன்."

"ஐயோ, முன்வரிசையிலயா? இது சீனவங்களுக்குப் பேய் மாசம் லா. அந்த நாற்காலிங்கள செத்தவங்களுக்குன்னு விட்டுருவாங்க. யாரும் சொல்லலையா?"

"நாங்க வந்தே மூணு மாசந்தானக்கா ஆச்சு."

"சரி, வீட்டுக்குப் போனதும் தலைக்கு ஊத்திவிடுங்க."

"காலியா இல்லம்மா," என்றாள் சிறுமி. "நான் ஆன்டி மடியிலதான உக்காந்திருந்தேன்."

அம்மா சிரிக்கப் பார்த்தாள். "எந்த ஆன்டிடி?"

சிறுமி காலி இருக்கைப் பக்கம் தலையைச் சாய்த்து எதையோ காதுகொடுத்துக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"இன்னும் ரெண்டு ஸ்டேஷன் ஆன்டி. எங்க கூடவே இறங்கிக்கலாம்."