இரண்டாம் முறை ஏற்றிய விளக்கு

இந்த அறைக்கு மேற்கே ஜன்னல் வைத்தவர் யாரோ தெரியவில்லை, சென்னை வெயிலைக் கண்ணால் பார்க்காதவராக இருக்க வேண்டும். நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் சார். மூன்று மணிக்கு மேல் உங்கள் பிடரியில்தான் அடிக்கும். இதையே ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

நானும் ஸ்ரீநாத்தும் அலுவலகம் தொடங்கியதே அதைச் சொல்லத்தான். மயிலாப்பூரில் கச்சேரி சாலைக்குப் பின்னால் ஒரு மாடி. காற்று வரும் திசை பார்த்து வீட்டைத் திருப்புவது, சிமெண்டைக் குறைப்பது, கூரையில் விழும் மழையைத் தரைக்கடியில் தொட்டி கட்டிச் சேர்ப்பது, இவைதான் எங்கள் வேலை. முதலில் பைத்தியம் என்றார்கள். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்று அலுத்த பிறகு அவர்களே தேடி வந்தார்கள். திட்டங்களை வரைகிறவன் நான். பத்திரிகைக்காரர்கள் வந்தால் பேசுகிறவன் ஸ்ரீநாத். அவனுக்குச் சிரித்த முகம். அதனால் எல்லாக் கட்டுரையிலும் ‘ஸ்ரீநாத்தின் வீடுகள்’ என்றே போட்டார்கள். ஒரே ஒன்றில் என் பெயரும் வந்தது, இனிஷியல் தப்பாக. நான் அதையெல்லாம் பொருட்படுத்துகிறவன் அல்ல.

தொண்ணூற்றாறில் அவன் கெட்டுப்போனான். தி.நகரில் ஒரு ஜவுளி முதலாளிக்கு ஆறு மாடிக் கட்டடம். முகப்பு முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஏசி, திறக்கிற ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

“ராகவா, நம்மகிட்ட வேலை பாக்கற பசங்களுக்கும் சோறு போடணுமோல்லியோ? எத்தனை நாளைக்குடா சுண்ணாம்பையும் மண்ணையும் கட்டிண்டு அழறது?” என்றான்.

கொள்கையை விற்கிறவன் தன்னை மட்டுமா விற்கிறான்? கூட உழைத்தவனையும் சேர்த்துத்தான் விற்கிறான். அவனை நிறுத்தாவிட்டால் நாங்கள் கட்டிக்காத்த அத்தனையும் போய்விடும். இதைப் புரிந்துகொண்டீர்களானால் மீதியெல்லாம் சுலபம்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டை உரியவரிடம் ஒப்படைக்கும் நாளில் எங்களில் ஒருவர் மழைத்தொட்டிக்குள் இறங்கி, தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஏற்படுத்தியவன் ஸ்ரீநாத், இறங்குகிறவனும் அவனே. மூடிக் கிடந்த தொட்டியில் காற்று கெட்டிருக்கலாம் என்பதால் முதலில் ஓர் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவோம். அடிவரை போயும் சுடர் நின்று எரிந்தால் மனிதன் இறங்கலாம். அணைந்தால் கூடாது. விளக்குப் பிடிப்பது என் பொறுப்பு. அந்த விஷயத்தில் அவன் ஒருநாளும் என்னைச் சரிபார்த்ததில்லை.

அன்றைக்கு அடையாறில் ஒரு வயலின் வித்வானின் வீடு. எங்கள் மேஸ்திரி ராபர்ட், பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பையன், தொட்டியின் மூடியைத் தள்ளிவிட்டு ஏணியைக் கொண்டுவரப் போனான். அவனுக்குச் சாப்பாடு எடுத்துவந்த அவன் மனைவி ஏஞ்சல், மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு கேட்டருகே நின்றாள். ஸ்ரீநாத் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டிருந்தான். நான் விளக்கை இறக்கினேன். தரையைத் தொடும் முன்பே அது அணைந்தது. மேலே இழுத்தேன். தீக்குச்சி கிழித்து மறுபடி ஏற்றினேன். அவன் திரும்பியபோது தூக்கிக் காட்டினேன்.

“எரியறதா?”

“எரியறது. இறங்கு.”

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் அது எரிந்துகொண்டுதான் இருந்தது.

ராபர்ட் ஏணியை இறக்கி வைத்துவிட்டு நகர்ந்தான். பாதிப் படியிலேயே ஸ்ரீநாத்தின் கை தளர்ந்துவிட்டது. விழுந்த சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ராபர்ட் ஓடிவந்து எட்டிப் பார்த்தான்.

“சாரு வுழுந்துட்டாரு சார். நான் கடல்ல முங்கறவன். மூச்ச அடக்கிக்கினு போய்த் தூக்கியாந்துர்றேன்” என்று சட்டையைக் கழற்றிப் போட்டான்.

அவனைத் தடுத்திருக்கலாம்தான். தடுத்தால், உள்ளே காற்று கெட்டிருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள். அதனால், பார்த்து இறங்கு என்று மட்டும் சொன்னேன். ஸ்ரீநாத்தைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு படி ஏறிக்கூட விட்டான். பாரம் தாங்காமல் அங்கே மூச்சை இழுத்துவிட்டான். இரண்டு பேரையும் தீயணைப்புக்காரர்கள்தான் வெளியே எடுத்தார்கள். ராபர்ட்டை நினைத்தால் எனக்கு மனதார வருத்தம் உண்டு. அவன் என் கணக்கிலேயே இல்லை.

அவனை அடக்கம் செய்த அன்று ஏஞ்சல் என்னிடம் வந்தாள். அழவில்லை.

“வெளக்க இன்னாத்துக்கு சார் ரெண்டாவது தபா கொளுத்துனீங்க?” என்று கேட்டாள்.

காற்றில் அணைந்துவிட்டது என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அரிக்கேன் விளக்கு காற்றில் அணையாது. அதற்காகத்தானே அதற்குக் கண்ணாடிக் கூண்டு. அவள் வீட்டு ஆண்கள் அதை எடுத்துக்கொண்டுதான் கடலுக்கே போகிறார்கள். மூன்று வருஷமாக அவள் இந்த விளக்கு விஷயத்தைப் போலீஸில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளை உட்காரவைத்துக் கேட்ட முதல் ஆள் நீங்கள். உங்கள் பொறுமை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்கத் தெரியாத ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன்.

காற்று தானாகக் கெடவில்லை. தொட்டிக்குக் கான்கிரீட் போட முட்டுக்கொடுத்து, பிறகு பிரித்து உள்ளேயே போட்டிருந்த சென்ட்ரிங் பலகைகளை மேலே ஏற்றிவிடலாமா என்று ராபர்ட் ஒரு மாதம் முன்பே கேட்டான். அடியிலேயே கிடக்கட்டும், மூடியை இறுக்கிப் போட்டுவை என்றேன். ஈரப் பலகை மூடிய இடத்தில் ஊறிக் கிடந்தால் மனிதனுக்கு வேண்டிய காற்றைத் தின்றுவிடும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆக, ஸ்ரீநாத்தைக் கொன்றது நான். ஆத்திரத்தில் அல்ல, கொள்கைக்காக. எனக்கென்று எதையும் எதிர்பார்த்துச் செய்யவில்லை.

அந்தத் தி.நகர் கட்டடமா? நான்தான் முடித்துக் கொடுத்தேன். ஒத்துக்கொண்ட வேலையைப் பாதியில் விட்டால் அலுவலகத்துக்கு அழகா? கண்ணாடி முகப்பை ஸ்ரீநாத் போட்டு வைத்திருந்ததைவிட நேர்த்தியாக மாற்றி வரைந்தேன். திறக்கிற ஜன்னல் இல்லை. தேவைப்படவும் இல்லை, ஏசி நன்றாகவே வேலை செய்கிறது. போன மாதம் திறப்பு விழா நடந்தது. வாசலில் கருங்கல் பலகையில் கட்டடத்தை வடிவமைத்தவர் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் பாருங்கள். என் பெயர் மட்டும்தான் இருக்கிறது, இனிஷியல்கூடத் தப்பில்லாமல்.