கம்பியில் மாட்டிய கேசரி

— எரநூறு பேரு தட்டேந்திக்கினு நிக்கிறாங்க, சாம்பார் சாதம் எங்கடா ராபினு? கேன்டீன் கான்ட்ராக்ட்டு இன்னியோட காலி!

— கத்தாத இளமதிக்கா. கம்பியில கேசரிக்குத்தான் சீட்டு மாட்டியிருந்துச்சி. கிண்டனேன்.

— எவன் எழுதுன சீட்டுன்னு கேக்க மாட்ட?

— நீதான சொன்ன, "மாஸ்டரு வாயத் தொறக்கக் கூடாது, கம்பியில மாட்டுனத செய்யணும்"னு.

— காலையில ருசி பாக்க நீ ஒரு கிண்ணம் குடுத்தப்ப ஏதோ சின்ன ஆர்டருன்னு நெனச்சேன். நாலு அடுப்புலயும் கேசரி இன்னாத்துக்கு?

— சீட்டுல அம்பது தட்டுதான். கீழ இன்னொரு வரி இருந்துச்சி: "மத்த சீட்ட கிழிச்சிடு. இதப் பாத்து இன்னும் நாலு எழுதி மாட்டு." மாட்டனேன். அஞ்சு சீட்டு, எரநூத்தம்பது தட்டு.

— யக்கா, சும்மா எட்டிப் பாக்கல. என் டீக்கடைக்கு சர்க்கர கேக்க வந்தேன்.

— ஒரு மாசமா ஒனக்கு சர்க்கர தீந்துக்கினேதான் கீது சுகிர்தா. ஓரமா நில்லு.

— இப்ப யோசிச்சா, இந்தச் சீட்டு காயத்ரி சொன்ன வைரஸ் மாரியே கீதுக்கா.

— எம் பொண்ண ஏன்டா இழுக்கற?

— பரீச்சைக்கு இங்க குந்திக்கினுதான படிச்சா. வைரஸுக்கு அடுப்பு இல்ல, ரவ இல்ல, மாஸ்டரு இல்ல. வெறுஞ் சீட்டோட நம்ம ஒடம்பு செல்லுக்குள்ள பூந்துடுமாம். உள்ள ரைபோசோம்னு ஒரு மாஸ்டரு. சீட்டுல கீற புரோட்டீன செஞ்சி வெப்பாரு, யாரு எழுதுனதுன்னு கேக்கவே மாட்டாரு. "நீயும் அப்டித்தானா மாமா?"ன்னா. ஆமா கண்ணுன்னு பெருமையா சொன்னேன்.

— கேசரிய எவன் எடுத்துக்கினு போனான்?

— மணிகண்டன். நம்ம வேன்லதான். அம்பது போச்சி, எரநூறு இங்க கீது.

— அவனா? பொண்ணு கேட்டு வந்தான். முடியாது, வேன மட்டும் ஒயுங்கா ஓட்டுன்னேன். சரி, மிச்சத்த தட்டேந்தி நிக்கறவங்களுக்குப் போடு. எழுதனவன் கெடச்சான்னா போலீஸுதான். மொத சீட்ட எட்றா!

— இந்தா.

— இது... காயத்ரி கையெழுத்து. காலேஜிக்குப் போறேன்னாளே!

— காலேஜி இல்லக்கா. திருப்பாச்சூரு கோயில்லேர்ந்து எங்க நாத்தனா வீடியோ அனுப்பிக்கீறா. மாலையும் கழுத்துமா காயத்ரியும் மணிகண்டனும். ஊத்துக்கோட்டையில தனி ஊடு பாத்துட்டாங்களாம், இன்னிக்கே குடி போறாங்க.

— சர்க்கர கேக்க வந்தேன்ன?

— அது அப்பறம்.

— யக்கா, கான்ட்ராக்ட்டு போவாது. கேன்டீன் மேனேஜரே ரெண்டாந்தட்டு கேசரி கேக்கறாரு.

— கான்ட்ராக்ட்ட விடுறா! பெத்தவ ஆசீர்வாதம் இல்லாம அது இன்னா கல்யாணம்? சொல்லு சுகிர்தா!

— ஆசீர்வாதமும் ஆயிடுச்சிக்கா. காலையில கேசரிய வாயில போட்டுக்கினு, "யாரு ஊட்டுக் கல்யாணமோ, நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்"னியே, அத மணிகண்டன் ஃபோன்ல புடிச்சிக்கினு போயி, தாலி கட்டற நேரத்துல மைக்குல போட்டுக்கீறான்.