எங்கள் ஊர்க் காற்றுக்கு ஒரு குறையும் இல்லை

பெரியவர்: …சத்தியமாச் சொல்றேம்மா. இந்த வாயில இருந்து வர்றதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தாலும், இந்த மாடிப்படியிலயே நான் உருண்டு விழணும். பாத்து ஏறுங்க, அந்தப் படி உடைஞ்சிருக்கு.

அதிகாரி: ஐயா, நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. ஊர் முழுக்கப் புகை. பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டிட்டு வந்தேன். உங்க மொட்டைமாடியில நாங்க வெச்ச காத்து அளக்குற பெட்டி மட்டும் பச்சை காட்டுது. எப்படி?

பெரியவர்: புகையா? அது பனிம்மா.

அதிகாரி: பனிக்குக் கண்ணு எரியுமா?

பெரியவர்: எங்க ஊர்ப் பனி கொஞ்சம் காரம்.

வீட்டம்மா: க்கும்… க்கும்…

அதிகாரி: அம்மாவுக்கு இருமலா?

பெரியவர்: சுத்தமான காத்து அவளுக்கு ஒத்துக்கல. பழக்கமில்லாத இடத்துல பொறந்தவ.

வீட்டம்மா: ரெண்டு தெரு தள்ளிப் பொறந்தேன்.

பெரியவர்: அந்தத் தெருக் காத்து வேற. போன வருஷம் ஒரு லாரிக்காரர் இங்க டயருக்குக் காத்தடிச்சுட்டுப் போனாரும்மா. டயர் தேயவே இல்ல. லாரிதான் தேஞ்சுது. இப்ப லாரி இல்ல, டயர் மட்டும் ஓடிட்டிருக்கு.

அதிகாரி: அறுப்பு முடிஞ்சதும் வயல்ல வைக்கோலைக் கொளுத்துறாங்க. குளிர் வந்துட்டா புகை மேல ஏறாது, ஊர் மேலயே படுத்துக்கும். எல்லா ஊர்லயும் நடக்கறதுதான்.

பெரியவர்: எங்க ஊர்லயா? வைக்கோல்ல தீக்குச்சி பட்டா, வெக்கத்துல தீக்குச்சி அணைஞ்சுரும். பக்கத்து ஊர்க்காரன் கொளுத்துவான். அந்தப் புகை எல்லை வரைக்கும் வரும், எங்க காத்தைப் பாக்கும், அப்படியே திரும்பிப் போயிரும்.

வீட்டம்மா: திரும்பிப் போறப்பத்தான் நமக்கு இருமல்.

அதிகாரி: சரி. ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் ஏன் ஊதா?

பெரியவர்: ஊதாவா?

அதிகாரி: பச்சை நல்லது. சிவப்பு மோசம். ஊதா அதைவிட மோசம். வாரம் பூராப் பச்சை, ஞாயித்துக்கிழமை மட்டும் கொஞ்ச நேரம் ஊதா, மறுபடி பச்சை.

பெரியவர்: …காத்துக்கும் ஒரு நாள் லீவு வேணாமாம்மா.

அதிகாரி: இதோ பெட்டி. …ஐயா, இது என்ன?

பெரியவர்: எது?

அதிகாரி: காத்து உள்ள போற குழாய்ல ஈரத்துண்டு கட்டியிருக்கு.

பெரியவர்: அதுவா. பாவம், குளிருது.

அதிகாரி: மெஷினுக்கா?

பெரியவர்: அதுவும் ராப்பகலா வெளியிலயே நிக்குது…

அதிகாரி: ஐயா, இந்தக் கலரைப் பாத்துத்தான் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடறாங்க. நீங்க காட்டுற பச்சையை நம்பி, பிள்ளைங்க இந்தப் புகையில மைதானத்துல ஓடிட்டிருக்கு.

பெரியவர்: …அது எனக்குத் தோணலம்மா.

அதிகாரி: எதுக்குக் கட்டினீங்க?

பெரியவர்: பையன் தூரத்துல இருக்கான். அங்கிருந்தே போன்ல இந்தக் கலரைப் பாக்கறான். ஒரு நாள் பூரா ஊதாவுலயே நின்னா, நிலத்தை வித்துட்டு ரெண்டு பேரையும் அங்க கூட்டிட்டுப் போயிருவேன்னுட்டான். அவன் வீடு பதினோராவது மாடி. அங்க நான் எதை உழறது?

அதிகாரி: அதுக்காக…

பெரியவர்: நகருங்க, நானே அவுக்கறேன். …இதென்ன, இது என் முடிச்சு இல்லையே.

அதிகாரி: எப்படித் தெரியும்?

பெரியவர்: நான் மாடு கட்டற முடிச்சுதான் போடுவேன். இது மாவு மூட்டைக்குப் போடற முடிச்சு.

வீட்டம்மா: க்கும்…

அதிகாரி: அடியில சாம்பல் வேற கிடக்கு.

பெரியவர்: சாம்பலா… அது வந்து, காக்கா கூடு கட்டறப்ப…

வீட்டம்மா: காக்காயை ஏங்க இழுக்கறீங்க.

பெரியவர்: நீ சும்மா இரு. இவளுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. பையன் பேச்சு ஒண்ணுதான் இவளுக்கு உலகம். ஞாயித்துக்கிழமை நான் வயலுக்குப் போன நேரம் பாத்து அம்மாவைக் கூப்பிட்டுருவான். ஒரு வாரம் தவறினதில்ல. அப்படி ஒரு பாசம்.

வீட்டம்மா: பச்சையா இருந்தா ஒண்ணுமே வராதும்மா. துண்டை அவுத்துட்டா சிவப்பு. சிவப்புக்கு "மாஸ்க் போட்டுக்கோங்க"ன்னு மெசேஜ் மட்டும் வரும்.

அதிகாரி: ஊதாவுக்கு?

வீட்டம்மா: ஊதாவுக்குப் பேசுவான்.

பெரியவர்: ஏய்… அப்ப வாராவாரம் அவன் பேசறது…

வீட்டம்மா: ரெண்டு பிடி வைக்கோல்ங்க. ஈரமா இருந்தா இன்னும் கொஞ்ச நேரம் பேசுவான்.