முதல் திரையில் ஒரு பெயர்

— சார், கைய எடுங்க. அந்தப் பட்டனைத் தொட்டீங்க, கதை முடிஞ்சுது.

— தேதி கேக்குதேம்மா. போட்டாத்தானே போன் உள்ள போகும்?

— கேட்டுக்கிட்டே நிக்கட்டும். நீங்க கொண்டுவந்த இந்தப் பழைய போன்ல இருக்கிற தோணி ஆட்டம், பதினஞ்சு நாள் சும்மா ஆடிப் பாக்கக் குடுத்தது. இன்னைக்குத் தேதியப் போட்டா, கெடு தாண்டிடுச்சுன்னு தன்னைத்தானே அழிச்சுக்கும். இதுவரைக்கும் இதே ஆட்டம் இருந்த நாலு போன் கிடைச்சுது. நாலு பேரும் நல்ல பிள்ளையா தேதியப் போட்டுட்டுத்தான் எங்கிட்ட வந்தாங்க. நாலும் போச்சு.

— எனக்குத் தெரியாதும்மா.

— தெரியாதுன்னா சும்மா உக்காருங்க, மேசையில முட்டி படாம. இந்த ஒயர் தலைமுடி கனம்தான் இருக்கும். இது வழியாத்தான் ஆட்டத்தக் கம்ப்யூட்டருக்கு இழுக்கிறேன். நடுவுல அறுந்தா, இந்தப் பழைய சிப்பு இன்னொரு தடவ தாங்காது.

— எவ்வளவு வந்திருக்கு?

— முப்பது சதவீதம்.

— இந்தத் தோணி ஆட்டம் வேற யார்கிட்டயுமே இல்லையா?

— வித்த கம்பெனியே இழுத்து மூடியாச்சு. பழைய ஆட்டங்களச் சேத்து வைக்கிற நாங்க ஒம்பது பேரு, ஆறு வருஷமா சல்லடை போட்டுத் தேடுறோம். எங்களுக்குத் தெரிஞ்சு மிச்சம் இது ஒண்ணுதான்.

— ஒண்ணு கேக்கணும்மா. ஆட்டம் தொறந்ததும் முதல் திரையில, உருவாக்கியவர்னு ஒரு பேர் வரும். அதை மட்டும் மாத்தித் தர முடியுமா?

— ஒரு புள்ளியக்கூட மாத்த மாட்டோம் சார். கிடைச்சது கிடைச்சபடி. எடுத்து முடிச்ச கையோட எங்க ஒம்பது பேர் வீட்டுக்கும் ஆளுக்கொரு காப்பி போயிடும். ஒரு வீட்ல தொலைஞ்சா இன்னொரு வீட்ல இருக்கும்.

— அந்தப் பேர் பொய்ம்மா.

— யார் சொன்னா?

— நான்தான் சொல்றேன். அது என் பேரு.

— புரியல சார்.

— செஞ்சது என் தம்பி. எட்டு மாசம் ஒத்த ஆளா உக்காந்து செஞ்சான். வாயில்லாப் பூச்சி, கம்பெனிக்காரங்ககிட்ட பேச வராது. நான் கொண்டுபோய்க் குடுத்தேன். படிவத்துல உருவாக்கியவர்னு கேட்ட இடத்துல என் பேர எழுதினேன். கை கூசல.

— தம்பி என்ன சொன்னார்?

— திட்டியிருந்தாக்கூட தேவலை. சாப்பிட்ட தட்டக் கழுவி வச்சுட்டு வீட்ட விட்டுப் போனவன்தான், திரும்பி வரல. பதினாலு வருஷமாச்சு.

— எழுபது சதவீதம் வந்தாச்சு.

— நீங்க பத்திரப்படுத்துறது என் திருட்டைம்மா. நான் செத்த பிறகும் அது ஒம்பது வீட்ல இருக்கும். ஒரே ஒரு பேர்தானே? கால்ல வேணும்னாலும் விழறேன்.

— கால அசைக்காம வைங்க, ஒயர் இருக்கு. இன்னைக்கு நல்லதுக்குன்னு ஒண்ண மாத்தினா, நாளைக்கு நாங்க எடுத்து வைக்கிற எதையும் எவனும் நம்ப மாட்டான்.

— அப்ப இந்த ஒயரைப் பிடுங்கிடுவேன். கைக்கு எட்டுற தூரந்தான்.

— எட்டும். பிடுங்கினா உங்க பேர் போயிடும். உங்க தம்பி செஞ்ச தோணியும் சேந்து முழுகும். தொண்ணூத்தி ரெண்டு சதவீதம் வந்தாச்சு. நான் தடுக்கப் போறதில்ல.

— ஏம்மா என்னைய இப்படிச் சோதிக்கிறீங்க?

— கைய நீங்களே பின்னால இழுத்துட்டீங்க பாருங்க. மெதுவா மடியில வச்சுக்கங்க. அப்படித்தான்.

— முடிஞ்சுதா?

— முடிஞ்சுது. ஒம்பது வீட்டுக்கும் போய்ச் சேந்தாச்சு. இருங்க, ஒரு கடிதம் காட்டணும். இந்த ஆட்டத்தத் தேடச் சொல்லி ஆறு வருஷம் முன்னாடி வந்தது. எழுதினவர் பேர் போடல, போன் நம்பர் மட்டுந்தான். படிச்சு மண்டைய உடைச்சுக்கிட்டேன். இப்பத்தான் விளங்குது.

— கண்ணாடி எடுத்துட்டு வரல. நீங்களே படிங்க.

— ‘ஆட்டம் கிடைத்தால், முதல் திரையில் இருக்கும் பெயரை மாற்றச் சொல்லி ஒருவர் வருவார். மாற்றாதீர்கள். அவரிடம் என் எண்ணைக் கொடுங்கள்.’