கூரை வழியே வீடு திரும்பிய மூதவையார்

எழுதும்போது உடனிருந்தோர்: ரோம் மூதவையின் (செனட்) பணியாளர் மூவர். கட்டியக்காரர் நோவியுஸ், எழுத்தர் ஆஸ்பர், இரவுக் காவலர் ஹிஸ்தர்.

மூதவையின் முதுபெரும் உறுப்பினரே, சொல் சுருங்கிய சான்றோரே, தெசிமுஸ் வெத்தியுஸ் காலேனுஸ் அவர்களே! வயது முதிர்ந்து அவைக் கடமையிலிருந்து விடைபெறும் தங்களுக்கு, தங்களோடு பணியில் இருந்தவர்கள் எழுதும் மடல் இது.

தாங்கள் பேசியது குறைவு. பேசியதில் பொய் இல்லை. கோயில் சிலைகளைப் பெயர்த்து வந்து தன் தோட்டத்தில் நட்டுக்கொண்ட ஆளுநரை எழுந்து நின்று தட்டிக் கேட்டவர் தாங்கள் ஒருவரே. நம் அவையில் வாக்கு என்பது நடப்பது. ஒத்த கருத்துள்ளவர் பக்கம் போய் நிற்க வேண்டும். தாங்கள் நடந்த பக்கத்துக்கு அன்று யாரும் வரவில்லை. நியாயம் புரியாமல் அல்ல, பயம். "செத்தவன் பின்னாடி நடக்கச் சொல்றியா? நீ முதல்ல போ, நான் வர்றேன்" என்று அவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டது நோவியுஸ் காதில் விழுந்தது.

அந்தப் பேச்சை மறைத்துப் பாராட்டினால் அது பாராட்டு ஆகாது. இளவயதில் இஸ்பானியப் போரில் தாங்கள் இறந்ததாகச் செய்தி வந்தது. உடல் இல்லாமலே வீட்டார் ஈமச்சடங்கை முடித்தார்கள். அடுத்த வசந்தத்தில் தாங்கள் நடந்து வந்தீர்கள். சடங்கு முடிந்தவர் உயிரோடு திரும்பினால் வாசலில் நுழையலாகாது, முற்றத்துக் கூரைத் திறப்பு வழியே இறங்க வேண்டும் என்பது நம் வழக்கம். தாங்களோ, "என் வீட்டுக்குள்ள நானே திருடன் மாதிரி கூரை ஏறிக் குதிக்கணுமா? தள்ளுடா" என்று வாயிற்காவலனை விலக்கிவிட்டு உள்ளே போனீர்கள்.

அந்த மே மாதம், ஆவிகளை அனுப்பும் நாளில், குடும்பத் தலைவராகத் தாங்களே கறுப்பு மொச்சையைத் தோளுக்குப் பின்னால் வீசி, "முன்னோரே, வெளியே போங்கள்" என்றீர்கள். சொல்லி முடித்தபோது தெருவில் நின்றுகொண்டிருந்தீர்கள். நடந்து வந்த நினைவு இல்லை. மறு ஆண்டும் அப்படியே. அதன்பின் தாங்கள் வீட்டில் தங்கவில்லை. பகலில் அவை, இரவில் ஹிஸ்தரோடு ஆவண அறை. தாங்கள் தூங்கி அவர் பார்த்ததில்லை. மூச்சு வருகிறதா என்று கிட்டே போய்ப் பார்க்க அவருக்கும் துணிவில்லை.

பணி முடிந்தால் அந்த அறையும் இல்லை. வேறு போக்கிடம் இல்லாமல் தாங்கள் தெருவில் நிற்பதை எங்களால் பார்க்க முடியாது. ஆகவே தங்கள் துணைவியார் விபிதியாவிடம் போனோம்.

"வந்தா நான் விரட்டவா போறேன்? வீம்பு, அவ்வளவும் வீம்பு" என்றார் அவர். "கூரை வழியா வரச் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

நீடு வாழ்க என்று தங்களுக்கு எழுத நேற்றுவரை எங்கள் கை எழவில்லை. இன்று கூசாமல் எழுதுகிறோம்: ரொட்டியும் ஒயினும் நாக்குக்கு ருசிக்க, சொந்தப் படுக்கையில் நன்றாகத் தூங்கி, நோயின்றி நெடுங்காலம் வாழுங்கள். இந்த வாழ்த்துக்கு நேற்று மாலை நடந்ததே சாட்சி.

மழை தூறியது. ஹிஸ்தரும் ஆஸ்பரும் ஓட்டின்மேல் நின்று, தங்களை உட்காரவைத்த கூடையைக் கூரைத் திறப்பு வழியே இறக்கினார்கள். "மெதுவா விடுங்கப்பா, நான் என்ன மாவு மூட்டையா?" என்றீர்கள். மூட்டையின் கனம்கூட இல்லை. கயிற்றில் எதுவுமே தொங்காததுபோல் இருந்தது. எட்டிப் பார்த்தபோதுதான் தங்கள் தலை தெரிந்தது.

மழைநீர்த் தொட்டியில் கால் நனைய இறங்கி, தளத்தில் ஏறினீர்கள். விபிதியா கறுப்பு மொச்சையை வீசி, "முன்னோரே, வெளியே போங்கள்" என்றார். தங்கள் பாதங்கள் வாசல் பக்கம் திரும்பின. முகம் மட்டும் மனைவியைப் பார்த்தபடி இருந்தது. அவர் பாய்ந்து தங்கள் கையைப் பிடித்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க? உங்கள யாரு போகச் சொன்னா? நில்லுங்க."

தாங்கள் நின்றீர்கள். தங்கள் ஈரக் காலடிகள் மட்டும் நிற்கவில்லை. ஆளில்லாமலே தளத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்து, கீழே நின்ற நோவியுஸைக் கடந்தன. விளக்குச் சுடர் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. அவர் முந்தி ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினார். விபிதியா தங்கள் கையை விடாமல் வாசலைப் பார்த்துப் பேசினார்.

"போங்க. போய்ட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேன்."

கடைசிக் காலடி நிலைப்படியைத் தாண்டியது. நோவியுஸ் கதவைச் சாத்திப் பூட்டினார்.